இரண்டு கைப் படம்

“செத்தவன் செத்தே கிடக்கிற மாதிரி ஒரு படம், ஒரே ஒரு படம், பாக்கக் குடுத்து வைக்கலையே எனக்கு.”

சித்தி இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொல்வாள், பாதி நுரையாக வரும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்வாள். அந்தம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதுகூட, திறந்த வாய்க்கு முதலில் வந்தது இதுதான்.

விஷயம் ஒன்றுமில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் ‘வீட்டுத் திரை’ என்கிற பக்கத்தை எழுதுகிறவள் அவள். தியேட்டரில் ஓடி ஓய்ந்து டிஸ்க்காக வீட்டுக்கு வருகிற குடும்பப் படங்களையும் பொம்மைப் படங்களையும் பார்த்து, எந்தப் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்வதுதான் வேலை. அந்தப் படங்களில் யாரும் ஒழுங்காகச் சாவதில்லை. அம்மாக் கரடி மலையிலிருந்து விழும். குட்டிக் கரடி அழும். மழை கொட்டும். வயலினைப் போட்டு இழுப்பார்கள். சித்தி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “ம், இப்போ இமை துடிக்கும் பாரு” என்பாள். துடிக்கும். கண்ணீர் பட்டுப் பிழைத்தவை, முத்தம் கிடைத்துப் பிழைத்தவை, ஒரு காரணமும் இல்லாமல் தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவை என்று எத்தனையோ பிராணிகளை அவள் வழியனுப்பி, உடனே வரவேற்றும் இருக்கிறாள்.

போதாக்குறைக்கு, அத்தனை பிராணிகளுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். விழுந்த கரடிக்கும் அவர்தான், தள்ளிவிட்ட ஓநாய்க்கும் அவர்தான், நடுவில் வழி சொல்கிற ஆமைக்கும் அவர்தான். ஓநாய் என்றால் தொண்டையில் சரளைக்கல் உருட்டுவார். ஆமை என்றால் ஜலதோஷம் பிடித்தவர்போல ஒரு வார்த்தையை மூன்றாக இழுப்பார். இடைவேளையில் பற்பசை விளம்பரத்திலும் அவரே வந்து சிரிப்பார். இந்த மனுஷன் ஒரு நாள் லீவு போட்டால் காடே காலியாகிவிடும் என்று சித்தி சொல்வாள்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். அந்தப் பக்கத்தை எழுதிய அம்மா பிரசவ விடுப்பில் போனார். ஆசிரியர் இவளைக் கூப்பிட்டார். அவருக்கு ரெண்டு வார்த்தைக்கு ஒரு முறை தொண்டையைச் செருமாவிட்டால் மூன்றாவது வார்த்தை வராது. உங்க வீட்டுல, ம்ஹ்ம், பசங்க இருக்காங்கள்ல, ம்ஹ்ம், ஒரு மாசம்தானே, பாத்துக்கங்க என்றார். போன அம்மா திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பிறந்த குழந்தை இப்போது மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறது. சித்தியின் ஒரு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை.

பக்கத்தின் கீழே எழுதுகிறவர் பெயர் ஒன்று போட வேண்டும் என்றபோது, ‘சித்தி’ என்று போட்டால் வீட்டு ஆள் சொல்வதுபோல இருக்கும் என்று ஆசிரியரே முடிவு செய்தார். அதோடு அவளுடைய சொந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அவளைவிட வயதில் மூத்த வாசல் காவலர் சித்தி என்றார். டிஸ்க் கடைக்காரர் சித்தி என்றார். ஆசிரியருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு முறை கல்யாணப் பேச்சுகூட வந்தது. காபிக் கடையில் சந்தித்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி, கூச்ச சுபாவம். என்ன பேசுவது என்று தெரியாமல் சர்க்கரையை நகர்த்தி வைத்து, “எவ்வளவு போடணும் சித்தி?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் காபியை மட்டும் குடித்தார்கள்.

குடியிருப்பது அக்கா வீட்டில், மூன்றாம் மாடி. அக்கா பேசினால் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்வதுபோல இருக்கும். முதலில் ஒரு மணி அடிக்கவில்லை என்பதுதான் குறை. டிஸ்க் பொட்டலம் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றே அக்கா அறிவித்தாள்: நீ எப்படியும் படம் பார்க்கத்தான் போகிறாய், என் பசங்களும் பார்க்கத்தான் போகிறார்கள், தனித்தனியாகப் பார்த்தால் கரண்ட் வீண். அந்தக் கணக்கில் அக்கா ஒரு மருந்துக் கம்பெனியில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரி, “எங்க ரெட்டையும் ஒரு ஓரமா உக்காந்துக்கும், சத்தமே போடாது” என்று கொண்டுவந்து விட்டாள். அந்த ரெட்டை சத்தம் மட்டும்தான் போட்டது. பிறகு மாடிவீடு, கீழ்வீடு, கீழ்வீட்டின் விருந்தாளி வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் ஷூ குவியும். புத்தகப் பைகள் சோபாவில் உட்கார்ந்துகொள்ளும், சித்திக்குத் தரை.

ஒரு நாள் ஒரு பொடிசு நழுவி வெளியே போய் லிஃப்டில் ஏறி, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கிய ஒவ்வொருவரும் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை என்று நினைத்து அதற்கு டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது கிடைத்த பிறகு அத்தான் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். அவரே ஸ்டூல் போட்டு ஏறித்தான் அடித்தார். அக்காவோ குள்ளம். வீட்டில் கை நீட்டினால் எட்டுகிற ஒரே ஆள் சித்திதான். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேல்தாழ்ப்பாளைப் போட்டு, படத்தை ஓடவிட்டால், கடைசிப் பெயர் திரையில் மறையும்வரை யாரும் வெளியே போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவர். திரைச்சீலை இல்லாவிட்டாலும் அதுதான்.

இப்படி இருக்கிறவளைப் பார்த்து ஊரே ஒரே வசனத்தைச் சொல்லும். அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மூக்கால் சொல்வார், “உனக்கென்னம்மா, உக்காந்து படம் பாக்குற வேலை.” எதிர்வீட்டுக்காரி பெருமூச்சோடு சொல்வாள். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் குழாய்க்குள் தலையை விட்டபடி சொன்னார், அது எதிரொலித்தது. தலையில் ஒரு பிள்ளையும் மடியில் இரண்டு பிள்ளைகளும், காலடியில் கொட்டிய பாப்கார்னுமாக இருந்த சித்தி, “ஆமாங்க, உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு” என்றாள்.

அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டுதான் அவள் ‘கை’யைக் கண்டுபிடித்தாள். ஓநாய் பல்லைக் காட்டும் நேரத்தில் பக்கத்தில் இருக்கிற பொடிசின் கண்ணை உள்ளங்கையால் மூடுவாள். மூடிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், கைக்குக் கீழே தெரிகிற வாயைப் பார்ப்பாள். உதடு இறுகினால் கை அங்கேயே இருக்கும். சிரித்தால் எடுத்துவிடுவாள். இருபுறமும் இரண்டு பேர் பயந்தால் இரண்டு கை. “ஒண்ணுமில்லடா, இப்போ முடிஞ்சிடும்” என்று கூடவே சொல்வாள். பிள்ளைகளும் பழகிவிட்டன. சங்கீதம் மாறினாலே, “சித்தி, கை” என்று நெற்றியைக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஒரு வாரம் அவசரத்தில், நட்சத்திரம் போட வேண்டிய இடத்தில் ‘இது ஒரு கைப் படம்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். ஆசிரியருக்கு அது பிடித்துப்போய், ஒரு கையைப் படமாக வரைந்து அச்சடித்தார். கை இல்லாப் படம், ஒரு கைப் படம், இரண்டு கைப் படம் என்று பெற்றோர்கள் பேசத் தொடங்கினார்கள். டிஸ்க் கடைக்காரர் அலமாரியையே அப்படிப் பிரித்து அடுக்கினார். ஊரில் பாதிப் பிள்ளைகள் சித்தியின் கையை நம்பித் தூங்கின. அந்தக் கைதான் அவளை அந்த வேலையில் ஆணி அடித்து நிறுத்தியது. வேறு யாருக்கும் அப்படி ஒரு கை இல்லையாம். ஆசிரியர் செருமாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

பிள்ளைகள் என்னவோ வளர்ந்தன. அந்த மாடியில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. எந்தப் பிள்ளைக்கு அந்தத் தாழ்ப்பாள் எட்டுகிறதோ, அந்தப் பிள்ளைக்குப் பொம்மைப் படம் முடிந்தது. அக்காவின் பெரியவன் ஒரு நாள் ஆமை பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தான், குதிகாலைத் தூக்கினான், தாழ்ப்பாளை இழுத்தான், “வரேன் சித்தி” என்றான். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் ரெட்டையில் ஒன்று எட்டியது. மற்றது எட்டாமல் அழுதது, அடுத்த மாதம் எட்டியது. போன இடத்துக்கு அவர்களுடைய தம்பி தங்கைகள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாளிலிருந்தே தாழ்ப்பாள் எட்டுகிற சித்தி, ஒவ்வொருவருக்குப் பின்னாலும் எழுந்து போய் அதைத் திரும்பப் போட்டாள்.

இப்படி இருக்கையில்தான் தாடி கிளம்பினார். தாடி என்பது பத்திரிகையின் தியேட்டர் விமர்சகர். பெரியவர்கள் படமெல்லாம் அவருக்கு. மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி நாற்காலியைக் காலி செய்தார். அந்த நாற்காலி வேண்டும் என்று சித்தி கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். ஆசிரியர் நெடுநேரம் செருமினார். கடைசியில், ஒரு படம் பார்த்து எழுதிக் கொடுங்கள், சரியாக வந்தால் பார்ப்போம் என்றார். “கொலைப் படம்தான். ம்ஹ்ம். செத்தவன் எந்திரிக்க மாட்டான். நானே போன் பண்ணி விசாரிச்சிட்டேன்.”

வீட்டில் சொன்னபோது அக்கா அறிவிப்பு செய்யவில்லை. சாதாரணக் குரலில் கேட்டாள்.

“அப்போ பசங்கள யாருடி பாக்குறது?”

“பெத்தவங்க.”

அந்தப் பதில் அக்காவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் என்றால் லீவு போடலாம், தினமும் என்றால் வேலையை விட வேண்டியதுதான் என்றாள். வீட்டுக் கடனையும் பெரியவன் காலேஜையும் இழுத்தாள். எதிர்வீட்டுக்காரி, மாடிவீடு, கீழ்வீடு எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள்தான், அத்தனை பேர் பிழைப்பும் உன் ரெண்டு கையில்தான் இருக்கிறது என்று முடித்தாள். அத்தான் செய்தித்தாளைத் திருப்பினார், ஆனால் படிக்கவில்லை. சித்தி, “ஒரே ஒரு நாள் போயிட்டு வரேன்க்கா, அப்புறம் பேசலாம்” என்றாள். தாழ்ப்பாள் போட அக்காவுக்கு ஸ்டூலை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

தியேட்டர் மதியக் காட்சி, பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும். சித்தி நுழைந்ததும் செய்த முதல் காரியம், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் முழங்கையை வைத்துப் பார்த்ததுதான். யாரும் தட்டிவிடவில்லை. மடி காலியாக இருந்தது. எங்கும் பாப்கார்ன் இல்லை. இடப்பக்கம் தாடி, கடைசிப் படம் என்பதால் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வலப்பக்கம் சாம்பல் நிறச் சட்டையில் ஆஜானுபாகுவாக ஒருவர், படத்தின் தயாரிப்பாளர். வீட்டை அடகு வைத்து எடுத்திருக்கிறார் என்று தாடி காதில் சொன்னார்.

படம் தொடங்கியது. பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களிடம் பேசினார்கள். யாரும் பாடவில்லை, யாருக்கும் வால் இல்லை. சித்தி நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பாதிப் படத்தில் வெளிச்சம் மங்கி, சங்கீதம் மெல்ல மாறியது. யாரோ ஒருவன் இருட்டுக்குள் சமையலறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தான். கத்தி நுனி பளிச்சென்றது.

கை கிளம்பிவிட்டது. ஒன்றில்லை, இரண்டும். இடக்கை தாடியின் மூக்குக்கண்ணாடி மேல், வலக்கை தயாரிப்பாளரின் கண் மேல். “ஒண்ணுமில்லடா, இப்போ முடிஞ்சிடும்” என்று அவள் வாய் சொன்னது, வீட்டில் சொல்கிற அதே குரலில். சொல்லிக்கொண்டே, பழக்கம் விடுமா, திரையை விட்டுவிட்டு இடப்பக்க வாயைப் பார்த்தாள், வலப்பக்க வாயைப் பார்த்தாள். தாடிக்குள் உதடு எங்கே என்று தெரியவில்லை. தயாரிப்பாளரின் உதடு இறுகியிருந்தது. அதனால் கையை எடுக்கவில்லை. அவரும் தட்டிவிடவில்லை. அந்த ஆஜானுபாகு, கைக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஒரு அலறல். ஏதோ விழுந்தது. சித்தி நிமிர்ந்தபோது போலீஸ் வந்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தது.

அவள் கைகளை மடியில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் குனிந்து தாடியிடம் மெல்லக் கேட்டாள்.

“சார், யாரு சார் செத்தது?”

“நான் எங்கம்மா பாத்தேன்?” என்று தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் கையில என்ன, பிஸ்கட் வாசனையா வருது?”

வலப்பக்கம் திரும்பிக் கேட்கவே முடியாது. வீட்டை அடகு வைத்தவரிடம், உங்கள் படத்தில் செத்தது யார் என்று எப்படிக் கேட்பது? படம் முடிந்து விளக்கு போட்டதும் அவர்தான் முதலில் பேசினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அந்த சீன் அவ்வளவு பயமாவா இருந்துச்சு?” என்று கேட்டார். குரலில் நம்பிக்கை எட்டிப்பார்த்தது.

மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், சித்தி சாப்பாட்டு மேஜையில் எழுத உட்கார்ந்தாள். பெரியவர்கள் பாஷையில் எழுத வேண்டும் என்று நினைத்தாள். எழுதியதைப் படித்துப் பார்த்தால், ‘கதாநாயகன் நல்ல பையன், பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதில்லை’ என்று இருந்தது. அடுத்து, ‘கத்தியை இழுப்பறையில் வைப்பது நல்ல பழக்கம் அல்ல’ என்று வந்தது. மதியம்வரை முட்டிமோதினாள். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். ‘இந்தப் படத்தில் ஒருவர் கொலையாகிறார் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் பயந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இரண்டு கைப் படம். தனியாகப் போகாதீர்கள்.’

ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொண்டுவரும்படி ஆகிவிட்டது. வெளியான வாரமே தயாரிப்பாளர் போஸ்டரில் இரண்டு கைகளைப் போட்டு, ‘சித்தியே கண்ணை மூடிய படம்’ என்று ஒட்டினார். தியேட்டரில் ஜோடி ஜோடியாகப் போய் மாற்றி மாற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் வீடு மீண்டது.

ஆசிரியர் முடிவைச் சொல்லக் கூப்பிட்ட அன்று, அக்கா இன்னொரு லீவு போட்டாள். இதுதான் கடைசி என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். சித்தி பேருந்தில் போகும்போதே இரண்டு பேச்சு தயார் செய்துகொண்டாள், கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் ஒன்று. இரண்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

தியேட்டர் பக்கமும் உங்களுக்கே என்றார் ஆசிரியர். பக்கத்தின் பெயர் ‘இரண்டு கை’. ஆனால் குடும்பத்தோடு போகிற படம் மட்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் இல்லாமல் கை எப்படி வரும்? எல்லோருக்கும் இலவச டிக்கெட்டுக்கு அவரே பேசிவிட்டார். டிஸ்க் பக்கமும் வழக்கம்போல. கொலைப் படங்களையெல்லாம் தாடியின் மருமகன் பார்த்துக்கொள்வார். மருமகனுக்குத் தாடி இல்லை, இருந்தாலும் வளர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“ஒரு கொலையாவது குடுங்க சார்” என்றாள் சித்தி.

“உங்க பேருக்கு, ம்ஹ்ம், அது பொருந்தாதுங்க சித்தி.”

பக்கத்து மேஜையில் அந்த வார டிஸ்க் பொட்டலம் தயாராகக் கட்டி வைத்திருந்தது. மேலே உள்ள உறையில் ஒரு வாத்து சிரித்தது. அவள் அதை மறுப்பாள் என்று பொட்டலம் கட்டிய பையனுக்கோ ஆசிரியருக்கோ தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளுடைய கையே அதை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டது, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல.

மூன்றாம் மாடி ஏறியபோது கதவு மூடியிருந்தது. உள்ளே ஓநாய் சரளைக்கல் உருட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அலறின. நடுவில் அக்காவின் அறிவிப்பு, யாரோ யாருடைய தலையிலிருந்தோ உடனடியாக இறங்க வேண்டும் என்று. சித்தி தட்டினாள். உள்ளே எதையோ இழுக்கிற சத்தம், பிறகு அக்காவின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது. தாழ்ப்பாள் எட்டவில்லை, ஸ்டூலில் கீழ்வீட்டுப் பொடிசு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, ஓநாய் போனால்தான் இறங்குமாம். அக்காவே அதன் கண்ணை மூடிப் பார்த்தாளாம், அக்கா கை பிடிக்கவில்லையாம், சித்தி கைதான் வேண்டுமாம். அப்புறம் அக்கா குரலை இறக்கிக் கேட்டாள்.

“என்னடி ஆச்சு? அந்த வேலை கிடைச்சுதா, இல்லையா? எங்கயும் போயிடாத, அங்கயே நில்லு, இதோ திறந்துடறேன்.”

சித்தி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கதவை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

“கிடைச்சுதுக்கா. ரெண்டு பக்கமும் எனக்கேதான், தியேட்டருக்கு இந்தப் பட்டாளத்தையும் கூட்டிட்டுப் போகணுமாம். நீ உன் ஆபீஸுக்கு நாளைலேர்ந்து தாராளமா போ. மெதுவாவே திற, நான் எங்க போகப்போறேன்? போறவ உள்ள நிக்கும்போதே போயிருப்பேன், எனக்குத்தான் தாழ்ப்பாள் எட்டுமே. படம் போட்ட நேரத்துல இந்தக் கதவுக்கு வெளிய நான் நின்னதே இல்ல, இப்பத்தான் நல்லா பாக்குறேன், பெயின்ட்டெல்லாம் உரிஞ்சு கிடக்கு, அத்தான்கிட்ட சொல்லு. அந்தப் பொடிசுகிட்டயும் சொல்லு, ஓநாய் இப்போ பள்ளத்துல விழும், அழ வேண்டாம், அடுத்த சீன்ல எந்திரிச்சிடும். இந்த வீட்டுல இதுவரைக்கும் எவன் செத்தான்?”